எந்த ஹெட்போன் நல்ல ஹெட்போன்? - நூறு வருஷத்துப் பஞ்சாயத்து

பையனுக்கு ஹெட்போன் வாங்கப் போன இடத்தில் ஆரம்பித்தது இது. புனேயில் ஒரு மால். கடையில் இரண்டு ஹெட்போன்களை மாட்டிப் பார்க்க வைத்திருந்தார்கள். ஒன்று 3,000 ரூபாய், இன்னொன்று 18,000. பையன் இரண்டையும் மாட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுதான் சூப்பர்" என்று பெரிய விலையைக் காட்டினான். நானும் மாட்டிப் பார்த்தேன். சூப்பராகத்தான் இருந்தது. பர்ஸை எடுக்கப் போகும்போதுதான் கவனித்தேன். விலை அதிகமானது மாட்டியிருந்த போனில் வால்யூம் கிட்டத்தட்ட உச்சத்தில் இருந்தது. மற்றதில் பாதி. சத்தத்தைக் குறைத்து மறுபடி கேட்டால் எனக்கும் சந்தேகம், பையனுக்கும் சந்தேகம். விற்பனைப் பையன் மட்டும் சந்தேகமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்தோம். தங்கமணிக்கு ஏக மகிழ்ச்சி. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இரண்டு ஹெட்போனில் எது மேல் என்று நேர்மையாக எப்படித்தான் கண்டுபிடிப்பது? பொட்டி தட்டிப் பிழைக்கிற ஆள் நான், ஒலியியல் படித்தவனில்லை. ஆனாலும் நோண்ட ஆரம்பித்தால் விடமாட்டேன். நோண்டியதில் கிடைத்தது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு சுவாரசியமான பஞ்சாயத்து.

முதலில் இந்தக் கேள்விக்கு சங்கீதத்தோடு சம்பந்தமே இல்லை. கம்பியில்லாத் தந்தி வந்த புதிதில், கப்பலின் ரேடியோ அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். தூரத்திலிருந்து வரும் மெல்லிய டிட்-டா-டிட் காதில் விழ வேண்டும். அதனால் நல்ல ஹெட்போன் என்றால் மிகச் சன்னமான மின்சாரத்திலும் கேட்கிற ஹெட்போன். அதை ஒப்பிட ஒரு அழகான வழி வைத்திருந்தார்கள். ஹெட்போனுக்குப் பக்கவாட்டில் ஒரு மின்தடையை இணைப்பது. வாய்க்காலில் மடை வெட்டி விடுவது மாதிரி, வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு அதன் வழியே போய்விடும். மடையைப் பெரிசாக்கிக்கொண்டே போய், சத்தம் சரியாக எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். அதிகம் திருப்பி விட்ட பிறகும் எதில் கேட்கிறதோ அது ஜெயித்தது. முழுக்க மனிதக் காதை நம்பிய சோதனைதான், ஆனால் "பிடிச்சிருக்கா?" என்று யாரும் கேட்கவில்லை. "கேட்குதா, இல்லையா?" அவ்வளவுதான்.

1910-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் வீட்டிலேயே செய்த ஒரு ஜோடி ஹெட்போனைக் கடற்படைக்கு அனுப்பினார். சோதித்துப் பார்த்தவர்கள் அசந்துபோய் ஆர்டர் கொடுத்தார்கள். மனிதர் அதைச் சமையலறையில் வைத்துச் செய்துகொண்டிருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்ப முடிந்ததாம். இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் மிக்ஸி வைக்கவே இடம் தேடுகிற நமக்கு இது புரியும்.

பிரச்சினை "எது இனிமை?" என்ற கேள்வி வந்தபோதுதான் தொடங்கியது. இதற்கு ஹெட்போனை விட்டு ஒரு நிமிஷம் கிராமபோன் பக்கம் போக வேண்டும். 1915 முதல் ஒரு பத்து வருஷம் எடிசனின் கம்பெனி ஊர் ஊராக ஒரு வித்தை காட்டியது. மேடையில் ஒரு பாடகி, பக்கத்தில் எடிசனின் கிராமபோன். பாடகி பாடுவார், விளக்கு அணையும், பாட்டு தொடரும். விளக்கு எரிந்து பார்த்தால் பாடகி இருக்க மாட்டார், இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்கும். 1916-ல் நியூயார்க்கின் கார்னகி ஹால் வரை போனது இந்த வித்தை. ஜனங்கள் வித்தியாசமே தெரியவில்லை என்று கைதட்டினார்கள். அந்தக் காலத்து இசைத்தட்டை இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள், பக்கத்து வீட்டுக் குழாயில் யாரோ பாடுகிற மாதிரி இருக்கும். அப்புறம் எப்படி ஏமாந்தார்கள்? அந்த மேடைகளில் பாடிய அன்னா கேஸ் பிற்காலத்தில் உண்மையைச் சொன்னார். மெஷினின் சத்தத்துக்கும் தொனிக்கும் தகுந்த மாதிரி தன் குரலை அடக்கிப் பாடினாராம்!

மெஷின் மனுஷியைப் போலப் பாடவில்லை, மனுஷிதான் மெஷினைப் போலப் பாடியிருக்கிறார். ஒப்பீட்டை நடத்துகிறவனுக்கு ஒரு முடிவு தேவைப்பட்டால் அந்த முடிவு வந்தே தீரும். நம்ம மால் கடை வால்யூமும் இதே பரம்பரைதான்.

அந்த வால்யூம் விஷயத்துக்கு விஞ்ஞான விளக்கம் 1933-ல் வந்தது. பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃப்ளெட்சரும் மன்சனும் ஆட்களுக்கு ரிசீவரைக் காதில் மாட்டி, வெவ்வேறு சுருதிகள் எந்த அளவில் ஒரே சத்தமாகத் தோன்றுகின்றன என்று அளந்தார்கள். சத்தம் குறையும்போது நம் காது எல்லாவற்றையும் ஒரே மாதிரி குறைப்பதில்லை. கீழ்ச்சுருதிகளை அதிகமாகக் கைவிட்டுவிடுகிறது. அதே பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி எழுந்து வரும், பாட்டு நிறைவாகத் தெரியும். இதில் விஷமம் என்னவென்றால், ஒரு டெசிபெல்லுக்கும் குறைவான வித்தியாசமென்றால் "சத்தம் அதிகம்" என்று காது சொல்லாது. "தரம் அதிகம்" என்று சொல்லும். போனில் இரண்டுக்கும் ஒரே வால்யூம் கோடு வைத்தாலும் தப்பிக்க முடியாது, ஏனென்றால் ஒரே மின்சாரத்துக்கு ஒவ்வொரு ஹெட்போனும் ஒவ்வொரு அளவு கத்தும்.

ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு டீ சமாச்சாரம். ராதாம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் ஒரு பெண் விஞ்ஞானி, கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார்களா, டீயை ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். கூட இருந்த புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் வாக்குவாதம் செய்யாமல் 8 கோப்பைகளைக் கலைத்து வைக்கலாம் என்றார். 4 இப்படி, 4 அப்படி. குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70-ல் ஒரு வாய்ப்புதான். 1935-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இந்த டீக்கதை இடம்பிடித்தது. "எனக்குத் தெரியும்" என்று சொல்கிறவரிடம் சண்டை போடாமல், மறைத்து வைத்து எண்ணிப் பார்க்கும் முறைக்கு இது அழகான உதாரணம். ஃபில்டர் காபியில் சிக்கரி எவ்வளவு என்று பந்தயம் கட்டுகிற என் மாமனாரை ஒருநாள் இப்படி உட்கார வைக்க வேண்டும் :-)

அதே மன்சன் 1950-ல் கார்ட்னர் என்பவரோடு சேர்ந்து இதைக் காதுக்குக் கொண்டுவந்தார். முதலில் ஏ, அடுத்து பி, அப்புறம் எக்ஸ். எக்ஸ் என்பது அந்த இரண்டில் ஒன்று, எது என்று கேட்பவர் சொல்ல வேண்டும். 1982-ல் டேவிட் கிளார்க் இதை ஒரு ஸ்விட்ச் பெட்டியாகச் செய்து எழுதினார். எக்ஸ் எது என்று பெட்டிக்கு மட்டும்தான் தெரியும், சோதனை நடத்துபவருக்கே தெரியாது. 16 முறையில் 12 முறையாவது சரியாகச் சொன்னால்தான் ஏதோ கேட்கிறது என்று ஒத்துக்கொள்ளலாம் என்பது மாதிரி கணக்கு. ஆம்ப்ளிஃபயர், கேபிள் என்று இந்தப் பெட்டியில் மாட்டிய பல பெருமைகள் காற்றுப்போன பலூன் ஆயின.

ஆனால் ஹெட்போன் மட்டும் இந்தப் பெட்டிக்குள் அடங்கவில்லை.

இத்தனைக்கும் ஹெட்போன் அதற்குள் எங்கேயோ போயிருந்தது. 1937-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி டைனமிக் ஹெட்போன் செய்துவிட்டது. 1958-ல் மில்வாக்கியில் ஜான் காஸ் ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்கும் ஹெட்போனைக் கொண்டுவந்தார். 1968-ல் சென்ஹைசரின் திறந்த வகை வந்தது. 1979-ல் சோனி வாக்மேன் வந்து எல்லோர் தலையிலும் ஒன்றை மாட்டிவிட்டது. எதை வாங்குவது என்பதற்கு வழி மட்டும் பத்திரிகை விமர்சகரின் காதுதான். அவரோ பெட்டியைப் பிரித்து, விலையைப் பார்த்து, மாட்டிக்கொண்டு எழுதுகிறவர்.

ஏன் மறைக்க முடியவில்லை? ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் வைக்கலாம். ஹெட்போனைத் தலையில் அல்லவா மாட்ட வேண்டும்! கண்ணைக் கட்டினாலும் கனம் தெரியும், மெத்தை தெரியும், பிடியின் இறுக்கம் தெரியும். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதற்குள் பத்துப் பதினைந்து நொடி ஓடிவிடும். ஒலியின் நுணுக்கத்தைக் காது நினைவில் வைத்திருப்பது சில நொடிகள்தான். போதாததற்கு, ஒரே ஹெட்போனை இரண்டு முறை மாட்டினால் இரண்டு முறையும் ஒரே மாதிரி உட்காராது. காதைச் சுற்றி ஒரு இடுக்கு இருந்தாலும் பேஸ் ஒழுகிப் போய்விடும். கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடிக் காம்பை எடுத்துவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள், புது ஹெட்போன் வாங்கின மாதிரி இருக்கும். காதுக்குள் செருகும் இயர்போனில் இது இன்னும் மோசம். ரப்பர் மூடி அளவு சரியில்லையென்றால் 20,000 ரூபாய்ப் பொருளும் ரயிலில் விற்கிற பொருளும் ஒன்றுதான்.

சரி, காதை விடு, கருவியால் அளந்தால்? அந்தக் கதையும் சுலபமில்லை. சிகாகோ பக்கத்தில் காதுகேள் கருவிக்கான குட்டி மைக், ரிசீவர் செய்து வந்த நோல்ஸ் கம்பெனி 1972-ல் கீமார் என்றொரு பொம்மையை உருவாக்கியது. சராசரி மனிதரின் தலை, தோள், ரப்பர் காது, உள்ளே செவிப்பறை இருக்க வேண்டிய இடத்தில் மைக். இப்போது ஹெட்போனைப் பொம்மைக்கு மாட்டிக் கோடு வரையலாம். கோடு வந்தது. ஆனால் எந்தக் கோடு நல்ல கோடு?

நேர்க்கோடு என்று நினைப்போம். தப்பு. நம் காதின் மடலும் குழாயும் சேர்ந்து, வெளியிலிருந்து வரும் ஒலியில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் 15 டெசிபெல் போலத் தூக்கிவிடுகின்றன. பிறந்ததிலிருந்து உலகத்தை அப்படிக் கேட்டே பழகியிருக்கிறோம். செவிப்பறையில் நேர்க்கோடாக அளக்கப்படும் ஹெட்போன் நமக்குக் கம்பளிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரிதான் இருக்கும். அப்படியானால் எதைப் போல இருக்க வேண்டும்? எதிரொலியில்லாத அறையில் முன்னால் வைத்த ஸ்பீக்கர் காதில் விழுவது போல என்றார்கள் முதலில். இல்லை, எல்லாத் திசையிலிருந்தும் சமமாக ஒலி வரும் அறை போல என்றார் மியூனிக் ஒலிபரப்பு ஆய்வுக்கழகத்தின் குந்தர் தைலே, 1986-ல். இரண்டுமே நியாயமாகத்தான் படும். ஆனால் வீட்டில் யாரும் அப்படிப்பட்ட அறைகளில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதில்லையே. அந்தக் கோட்டின்படி சரியாகச் செய்த ஹெட்போன்கள் பலருக்குச் சப்பென்றுதான் இருந்தன.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் ஸ்பீக்கர் ஆட்கள். கனடாவின் தேசிய ஆய்வுக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் என்பவர் பல வருஷம் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து மார்க் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். 1991-ல் ஹார்மன் கம்பெனிக்குப் போனார். ஷான் ஆலிவ் என்ற சகாவோடு 1994-ல் வெளியிட்ட ஒரு சோதனையை நான் இரண்டு முறை படித்தேன். சொந்தக் கம்பெனி ஊழியர்கள் 40 பேர். 4 ஸ்பீக்கர். கண்ணால் பார்த்து ஒருமுறை மார்க், மறைத்து வைத்து ஒருமுறை மார்க். பார்த்துப் போட்டபோது பெரிசாக, பளபளப்பாக இருந்தவை எங்கேயோ நின்றன, மலிவான குட்டி ஸ்பீக்கர் கீழே கிடந்தது. திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஒலியைப் பிழைப்பாகக் கொண்டவர்களின் கதியே இது. நானும் என் பையனும் எம்மாத்திரம்!

அதே ஆலிவ், டாட் வெல்ட்டியோடு சேர்ந்து 2012-ல் ஹெட்போனுக்கு வந்தார். முதலில் செய்தது சிரிப்பை வரவழைக்கும் எளிமை. கேட்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒருவர் பின்னால் நின்று ஹெட்போனைக் காதில் வைத்துப் பிடிப்பார், எடுப்பார், அடுத்ததை வைப்பார். தொடக் கூடாது, பார்க்கக் கூடாது. 6 ஹெட்போன்களை இப்படிச் சோதித்தார்கள். கேட்டவர்கள் ஒரே பக்கம் சாய்ந்தார்கள், விலையோ விளம்பரமோ சொன்ன பக்கம் அல்ல.

அடுத்த வருஷம் அதைவிடக் கெட்டிக்காரத்தனம். ஒவ்வொரு ஹெட்போனையும் பொம்மைத் தலையில் அளந்து, அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரே ஒரு ஹெட்போனை எல்லா ஹெட்போனாகவும் வேஷம் போட வைத்தார்கள். தலையில் இருப்பது ஒன்றே. பொத்தானை அழுத்தினால் நொடியில் "இன்னொரு" ஹெட்போன். கனம், மெத்தை, இறுக்கம் எல்லாம் ஒன்று, சத்தமும் சமம். நிஜ ஹெட்போன்களுக்கு வந்த மார்க்கோடு வேஷத்துக்கு வந்த மார்க் நன்றாகவே ஒத்துப்போனது. எத்தனையோ வருஷம் அடங்காமல் நின்ற ஹெட்போன் கடைசியில் பெட்டிக்குள் வந்துவிட்டது.

நல்ல கோடு எது என்பதற்கும் பதில் வந்தது. நல்ல ஸ்பீக்கரை, நல்ல ஆனால் சாதாரணமான அறையில் வைத்தால் காதில் என்ன விழுமோ அது, பேஸ் மட்டும் கொஞ்சம் தூக்கலாக. 2017-ல் இயர்போன்களை வைத்து அவர்கள் செய்த கணக்கில், அளந்த கோட்டை மட்டும் வைத்து மக்கள் போடப்போகும் மார்க்கை ஊகித்தபோது இரண்டுக்கும் 0.91 அளவு ஒட்டுறவு இருந்தது. அதே 2017-ல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன், இயர்போன்களை அளந்து, விலைக்கும் இந்தக் கோட்டுக்கும் தொடர்பே இல்லை என்று காட்டினார்.

இரண்டு விஷயத்தில் எனக்கு நெருடல் உண்டு. இதைச் செய்தது ஹெட்போன் விற்கிற கம்பெனி. அவர்கள் எல்லாவற்றையும் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டதால், பிறர் திரும்ப அளந்து பார்க்க முடிகிறது, அதனால் அதை மன்னிக்கலாம். இரண்டாவது, 2014-ல் வெளிநாட்டு ஆட்களையும் சேர்த்து 238 பேரை உட்கார வைத்தார்கள். அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, சீனா. ரசனை நாட்டுக்கு நாடு பெரிசாக மாறவில்லை என்று வந்தது. இந்தியா அதில் இல்லை. தம்புராவின் ரீங்காரத்தையும் நாதஸ்வரத்தையும் கேட்டு வளர்ந்த காது அந்தச் சோதனையில் என்ன மார்க் போட்டிருக்கும்? பெரிதாக மாறாது என்பது என் ஊகம். ஆனால் ஊகம்தான். எல்லோருக்கும் ஒரே கோடு என்றும் அவர்கள் சொல்லவில்லை. 2019-ல் கேட்பவர்களைப் பிரித்துப் பார்த்தபோது 64 சதவீதம் பேர்தான் அந்தக் கோட்டுக் கட்சி. 15 சதவீதம் இன்னும் பேஸ் கேட்டார்கள், 21 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். குறைக்கச் சொன்னவர்களில் பெண்களும் 50 தாண்டியவர்களும் அதிகம். எங்கள் வீட்டில் கார் ஸ்டீரியோவுக்கு நடக்கும் சண்டைக்கு இது தெளிவான விளக்கம்.

நிற்க. பையன் விஷயம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள்.

3,000 ரூபாய் ஹெட்போனை வாங்கினேன். 18,000 ரூபாய் மாடல் எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு நண்பரிடம் இருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கடன். அட்டையில் ஒரு ஓட்டை போட்டு, அதில் போனின் மைக்கை வைத்து, அட்டையை ஹெட்போனில் அழுத்தி, அருவி மாதிரி "ஸ்ஸ்" என்று ஒலிக்கும் பிங்க் நாய்ஸ் ஓடவிட்டு, டெசிபெல் காட்டும் ஆப்பில் இரண்டையும் சமமாக்கினேன். துல்லியம் சொல்ல முடியாது, மாலுக்கு எவ்வளவோ தேவலை. 8 பாட்டு. எதை முதலில் வைப்பது என்று தங்கமணி காசு சுண்டி முடிவு செய்தார். கண்ணில் துண்டு, கை தொடைக்கு அடியில். தங்கமணி பின்னால் நின்று பிடித்தார், "இன்னும் எவ்வளவு நேரங்க? குக்கர் வெச்சிருக்கேன்" என்று நடுநடுவே கேட்டபடி.

எனக்கு வந்த முடிவு: 5 பாட்டில் 3,000 ரூபாய், 3 பாட்டில் 18,000. எட்டே பாட்டில் இது ஒன்றையும் நிரூபிக்காது. 15,000 ரூபாய் வித்தியாசம் அந்த எட்டில் எங்கும் தென்படவில்லை, அவ்வளவுதான் சொல்லலாம்.

அடுத்து பையன். எட்டுக்கு எட்டும் விலை அதிகமானதே! அசந்துவிட்டேன். இந்த வயதுக் காது நமக்கு வராது என்று பெருமையாகவும் இருந்தது. துண்டை அவிழ்த்துவிட்டுக் கேட்டேன், எப்படிடா?

"அதுல புது ஷூ வாசனை வருதுப்பா. பக்கத்துல கொண்டு வந்தாலே தெரியுது."

மூக்கின் கீழ் விக்ஸ் தடவி மறுபடி உட்கார வைத்தோம். நாலுக்கு நாலு.